லொஃப்டில் ஊதிய பஞ்சு

அன்பர்களே, உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று என்றாவது உங்களையே கேட்டுப் பார்த்ததுண்டா?

நான் கேட்டேன். ஹரோவில் உள்ள என் வீட்டு லொஃப்டில், அதாவது கூரைக்கடிப் பரணில், என் மனைவி கனகாம்பிகையின் தட்டங்கள் இருந்தன. கல்யாணத் தட்டங்கள், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீட்டுத் தட்டங்கள், ஆரத்தி எடுக்கும் ஆலாத்தித் தட்டங்கள், போதாக்குறைக்கு மணவறைத் தூண்கள். நகரின் மறுகோடியிலுள்ள தோர்ண்டன் ஹீத் வரைக்கும் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் இரவலுக்கு இங்கேதான் வருவார்கள். ஏணியில் ஏறி இறக்கிக் கொடுப்பவன் நான். தமிழ்ப் பள்ளிக்காக என் எழுத்தறையில் தொடங்கிய நல்லொழுக்க உரைகள் யாவும் அந்த ஏணியில்தான் உயிர்விட்டன.

ஆகவே தீர்மானித்தேன். லொஃப்டில் குழாய் வழியே குளிர்தாங்கும் பஞ்சு ஊதி நிரப்புவது. அதற்கு முன் அங்குள்ள பொருள்களை அகற்றியாக வேண்டும். குளிரும் போகும், இரவலும் போகும்.

“கனகம், இந்த வீடு ஏன் குளிருது தெரியுமோ?”

“நீங்கள் ஹீற்றரை நிப்பாட்டுறபடியால்.”

“இல்லை. வெறுமையால! மனம் வெறுமையா இருந்தால் கெட்ட எண்ணம் பூரும். வீடு வெறுமையா இருந்தால் குளிர் பூரும். சுவருக்குள்ளயும் வெறுமை, கூரைக்குக் கீழயும் வெறுமை.”

“அப்ப வெறுமையான இடமெல்லாம் நிரப்பவேணும் எண்டுறியள்?”

“ஓம்! ஒரு மூலையும் மிச்சம் விடக்கூடாது.”

“என்ர தட்டங்கள்?”

“கோயிலுக்குக் குடுப்பம். புண்ணியம்.”

“சரியப்பா. நல்ல விசயம்தானே.”

எங்கள் இல்லறத்தில் அவள் இவ்வளவு விரைவாக எதற்கும் இணங்கியதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தட்டங்களைக் கோயிலுக்கென்று நானே இறக்கி முன்கூடத்தில் அடுக்கினேன். பஞ்சு ஊதும் ஜதுசன் வந்தார். இரட்டைச் சுவரில் துளையிட்டு நடு இடைவெளிக்குள் ஊதினார். லொஃப்டில் முழங்கால் உயரத்துக்கு ஊதினார். “அண்ணை, இனி மேல ஒரு சாமானும் வைக்க ஏலாது. பஞ்சு அமுங்கினால் சூடு நிக்காது” என்றார். அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

அந்த மகிழ்ச்சியில், கனகாம்பிகை ஏவியபடியே, தொலைவிலுள்ள அப்டன் பார்க் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்து எழுத்தறையைத் திறந்தேன். திறக்கப் பார்த்தேன் என்பதே சரி. கதவு பாதியில் நின்றது. உள்ளே தரை முதல் கூரை வரை தட்டங்கள்.

“கனகம்! இதென்ன?”

“வீட்டில வெறுமையா இருந்த இடம் உங்கட அறை ஒண்டுதானப்பா. ஒரு மேசை, ஒரு கதிரை, நீங்கள். நீங்கள் சொன்னபடியே ஒரு மூலையும் மிச்சம் விடேல்லை.”

“கோயிலுக்கு எண்டெல்லோ சொன்னது?”

“கேட்டனான். அங்கயும் இடமில்லையாம். தங்கட தட்டங்களையும் எங்களிட்டை வைக்கச் சொல்லிக் குடுத்துவிட்டவை.”

“அப்ப நான் எங்கயிருந்து எழுதுறது?”

“லொஃப்டில எழுதுங்கோவன். ஐயோ, மறந்துபோனன்… பஞ்சு அமுங்கிப்போமெல்லே!”

வீடு இப்போது கதகதப்பாகத்தான் இருக்கிறது. அதை மறுத்தால் பொய்யாகும். இதை மாடிப்படியில் அமர்ந்து எழுதுகிறேன்.

அன்பர்களே, ஈகையில் சிறந்தது இரவல் கொடுப்பது. அதனினும் சிறந்தது இரவல் வாங்குவது. வீட்டில் விசேஷம் வரட்டும் என்று காத்திராதீர்கள். ஒரு பிறந்தநாளையாவது உண்டாக்குங்கள். வந்து தட்டங்களை எடுத்துச் செல்லுங்கள். ஏணி வேண்டாம். திருப்பித் தரவும் வேண்டாம். ஆனால் இன்றே வாருங்கள், வேலைக்குப் போன கனகாம்பிகை ஷிப்ட் முடிந்து வருவதற்குள்.