வெள்ளிதோறும் பச்சை

லோத்குண்டா, செகந்திராபாத்.
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் ஏனோக் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் பியூலாவும் மகள் எமியும் சுகமாயிருக்கிறோம். பாளையங்கோட்டையில் நீங்களும் அக்காவும் மருமகன் ஆரோனும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். கேட்டவுடன் 'சுகம்' என்று சொல்லிவிடும் இந்தப் பழக்கத்தால்தான் எனக்கு இப்போது வினை வந்திருக்கிறது. போனில் எழுதினால் எமி எடுத்து அவள் அம்மாவுக்கு உரக்கப் படித்துவிடுவாள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

ஆரோனை என் கம்பெனியில் சிபாரிசு செய்யும்படி மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். நான் பிடி கொடுக்காமல் பேசியதில் உங்களுக்கு வருத்தம் என்று அக்கா சொன்னாள். மெக்கானிக்கல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைக்குச் செய்ய எனக்கு மனசில்லாமல் இல்லை அத்தான். அந்தக் கம்பெனியில் எனக்கே வேலை இல்லை. எடுத்துவிட்டார்களோ என்று பதறாதீர்கள். தினமும் போகிறேன், சம்பளமும் வருகிறது, வேலைதான் இல்லை, எட்டு மாதமாக இல்லை. பியூலாவுக்கே இது தெரியாது.

மல்லாபூர் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் நான் குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களை அடுக்கிய பெரிய பெரிய அறைகள் கொதிக்கின்றன, தண்ணீர் விட்டுக் குளிர்விக்கக் கைவேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று லட்சுமணன் என்கிற அதிகாரி என்னைத் தேடிப்பிடித்து, 'புராஜெக்ட் மிஸ்ட்' என்று ஒன்றில் சேர்த்தார். முதல் நாள் போனால் ஒரு பெரிய கேக், பலூன், கைதட்டல். எனக்குத்தான் இத்தனை வரவேற்பு என்று நானே முன்னால் போய் இரண்டு துண்டு சாப்பிட்டு, நன்றியும் சொன்னேன். அது லட்சுமணனை வழியனுப்புகிற கேக். அடுத்த வாரம் அவருடைய ஆட்களையெல்லாம் பிரித்து வேறு வேறு குழுக்களில் போட்டார்கள். நான் புதியவன் என்பதால் எந்தப் பட்டியலிலும் என் பெயர் ஏறவில்லை. புராஜெக்ட் மிஸ்ட் என்று ஒரு பெயரும் அதற்குக் கீழே நானும் மட்டும் மிஞ்சினோம்.

அதற்குப் பிறகு என் நாட்கள் போகிற விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் லோத்குண்டாவில் கம்பெனி பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஏசி குளிரில் தூக்கம், எங்கே தூங்கினேன் எங்கே விழித்தேன் என்றே தெரியாது, இறங்கினால் முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம், அதன் மேல் மேகம் ஊர்ந்து போகிறது, நாமும் அந்த மேகத்துக்குள்ளேயே நடந்து போகிற மாதிரி இருக்கும். எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், காலடிச் சத்தமே கேட்காது, பெசரட்டு என்கிற பயறு தோசையா பிரியாணியா என்று கேட்டுக் கேட்டுத் தட்டில் வைக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. படுத்துக் கண்ணயர ஓர் அறை, அதில் எந்நேரமும் கடல் அலைச் சத்தம். நான் உட்காருகிற மூலையில் ஆள் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். அசைய எனக்கு என்ன இருக்கு? அணையும், ஜெபக்கூட்டத்தில் தூக்குகிற மாதிரி ரெண்டு கையையும் தூக்குவேன், வெளிச்சம் வரும். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய காரியம் முடிந்த சந்தோஷம் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமைதான் ஆபத்து. 'உங்கள் புராஜெக்ட் எப்படி இருக்கிறது?' என்று கம்ப்யூட்டரே விசாரித்து மெயில் அனுப்பும். கீழே மூன்று பொத்தான். நன்றாகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எப்படி இருக்கீங்கன்னு ஒருத்தர் கேட்டா நம்ம வீட்ல என்ன சொல்லுவோம் அத்தான்? காய்ச்சலில் கிடந்தாலும் 'கர்த்தர் கிருபையால் சுகம்'தானே? நான் பச்சையை அமுக்கினேன். வாராவாரம் அமுக்கினேன். பார்த்தால் மற்ற எல்லாருக்கும் மஞ்சளும் சிவப்புமாம், எட்டு மாதமாகப் பச்சையாகவே இருப்பது என்னுடையது ஒன்றுதானாம். போன வியாழக்கிழமை அமெரிக்காவில் இருக்கிற பெரிய அதிகாரி ரஞ்சன் திரையில் தோன்றி, எல்லார் முன்னாலும், "ஏனோக்கைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு வேதனை. என் இடத்துக்கு நேர் மேலே, கூரைக்குள் ஒரு குளிர்நீர்க் குழாய் சொட்டுகிறது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், நட்டு தளர்ந்திருக்கிறது, ஸ்பேனர் போட்டு இரண்டு திருப்பு திருப்பினால் போதும். அவர்களோ கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முறையாகப் புகார் எழுதினேன். 'உரிய பொறுப்பாளருக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. அந்தப் பொறுப்பாளர் நான். சரி, நானே ஏறுகிறேன் என்றால் விதி விடவில்லை. ஏணியில் ஏற ஒருவர், பிடித்துக்கொள்ள ஒருவர், இருவரும் ஒரே குழுவாக இருக்க வேண்டுமாம். என் குழுவில் நான் மட்டும்தானே இருக்கிறேன். கண்ணை மூடினால் சொட்டு, திறந்தால் சொட்டு, பஸ்ஸில் தூங்கும்போது கனவிலும் அதே சொட்டு.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு சூசைராஜிடம் மட்டும் சொன்னேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த நம்ம தமிழ் ஆள், பேச்சில் பாதி இந்த ஊர் உருது: 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஆராம்' என்றால் நிம்மதி. "ஹவ் அண்ணா, கைக்கு இவ்ளோ டென்ஷன்? யாரும் கேக்கல இல்ல? நீங்களா போய் சொல்றது நக்கோ. ஆராமா இருங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆராமாக இருக்க முடியவில்லை. நேற்று சாயந்தரம் பியூலா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, கையி பஞ்சு கணக்கா ஆயிட்டுல்லா! மல்லாபூருக்குப் போகும்போது எப்படிக் காய்ச்சுக் கெடந்த கையி!" என்று சிரித்தாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருக்கிறது அத்தான். நாற்பத்தெட்டு வயசில், கையில் தொழில் இருந்தும் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன். திங்கட்கிழமை ஸ்ரீலேகா மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அந்தத் தெலுங்கு அம்மா கையில்தான். வேலை போய்விடும், போகட்டும். ஆரோனுக்கு நீங்கள் வேறு இடம் பாருங்கள். இந்தத் தூக்கத்துக்குள் அவனை அனுப்பாதீர்கள்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். ஆரோனுக்கு மாமாவின் ஆசீர்வாதம். குடும்ப ஜெபத்தில் என் வேலைக் காரியத்தை மறக்காமல் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
ஏனோக்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. நேற்றுப் போனேன். எட்டு மாதமாக என் புராஜெக்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். ஸ்ரீலேகா மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ ஏனோக் காரு, இத்தனை நாளா தனியாளா கஷ்டப்பட்டிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே! வேலை நடக்கலன்னா ஆள் பத்தலன்னுதானே அர்த்தம்? எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார். பயத்தில் ஒருவர் என்றேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், ஆரோனை உடனே ரயில் ஏற்றுங்கள். நேர்காணல் செய்யப்போவதும் நான்தான். குழாய் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பாய் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லச் சொல்லுங்கள். மல்லாபூர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் அமுக்கப்போகிற பச்சை, அத்தான், நிஜமாகவே பச்சை.