கால் எட்டும் வரை தீவு

உலகத்தில் கடல்மட்டம் உயராத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் தீவுப் பராமரிப்புத் துணை அலுவலகத்தின் கோப்பு. வடதுருவத்தில் பனி உருகலாம். வெளிநாடுகளில் விஞ்ஞானிகள் கண்ணீர் விடலாம். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், இரண்டாவது மாடியில், இரும்பு அலமாரியின் மூன்றாவது தட்டில் உள்ள அந்தக் கோப்பில் கடந்த ஒன்பது ஆண்டுகளாகக் கடல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. ஏறுவதற்கு அனுமதி கேட்டு அது விண்ணப்பிக்கவும் இல்லை.

இந்தச் சாதனையை மனித குலத்துக்குத் தெரிவிப்பது என் கடமை. நான் அங்கே ஒப்பந்த டைப்பிஸ்ட். அதற்கு முன் நிலக்கரிக் கிடங்கின் எடைமேடையில் இரவுப் பணி. அதற்கும் முன் பாதியில் விட்ட பொறியியல். கரியை எடை போட்டவனுக்குக் கரியமில வாயு பற்றி டைப் செய்யும் தகுதி தானாகவே உண்டு என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அலுவலகத்தின் தலைவர் ஏசுவடியான் சார். நாசரேத்துக்காரர். மூன்று தலைமுறை ஆசிரியர் குடும்பம். அச்சடித்தது போன்ற கையெழுத்து. அவர் அறையில் இரண்டு ஏசி, இரண்டும் பதினெட்டில். குளிர் தாங்காமல் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். பருவநிலை மாற்றம் என்றால் என்னவென்று அவருக்கு நேரடி அனுபவம் உண்டு: மின்சாரம் போகும்போது. உடனே கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும், பருவநிலை சீராகிவிடும். அவர் ஜன்னலில் தினமும் கரித்தூள் படியும். அதைத் துடைக்க ஓர் ஆள். காற்றின் தூய்மை குறித்த எங்கள் காலாண்டு அறிக்கை, ஜன்னல் துடைத்து முடித்த பிறகே எழுதப்படும்.

நாங்கள் பராமரித்தது நண்டுசல்லித் தீவு. பவளக்கல் நொறுங்கிச் சேர்ந்த மேட்டைத்தான் எங்கள் கடற்கரையில் சல்லி என்பார்கள். அலுவலகம் தொடங்கியபோது அது நான்கு ஏக்கர். ஒரு காவலர் குடிசை, ஒரு பெயர்ப்பலகை, கொஞ்சம் அடம்பங்கொடி. கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. பவளம் செத்ததும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. தீவு கரைய ஆரம்பித்தது.

சாதாரண அலுவலகமாக இருந்தால் பதறியிருக்கும். ஏசுவடியான் சார் அளக்கும் முறையைத் திருத்தினார். ஆண்டிலேயே தண்ணீர் மிகவும் வற்றும் நாளில் அளந்தோம். நான்கு ஏக்கர் வந்தது. அடுத்த ஆண்டு அன்றைக்கும் வரவில்லை. ஈரச் சேற்றையும் சேர்த்தோம், வந்தது. அதற்கடுத்த ஆண்டு சேறும் தண்ணீருக்குள் போனபோது, அலுவலக வரலாற்றிலேயே மகத்தான அந்தச் சுற்றறிக்கையை அவர் வெளியிட்டார்: “பணியாளரின் கால் எட்டும் இடமெல்லாம் தரை எனக் கொள்ளப்படும்.”

அந்தப் பணியாளர் சுடலைமாடன். வயது நாற்பத்தாறு, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அடுத்த நியமனத்தில் குறைந்தபட்ச உயரத்தை ஆறடியாக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் கோப்பில் உள்ளது. ஆத்தூரில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர். ஆற்று முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறி, கிணறு உப்பாகி, கொடி பட்டுப்போனது. கடல் தோட்டத்தை எடுத்ததால் கடலுக்கு நடுவே காவல் வேலைக்கு வந்தார். நீச்சல் தெரியாது. தற்காலிகப் பணி. இடைவெளி இல்லாமல் பத்து ஆண்டு முடித்தால் நிரந்தரம். ஒரு நாள் விட்டாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்.

வருகைப் பதிவுக்கு ‘முகவரி’ என்ற செயலி வந்தது. காலை பத்து, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என மூன்று வேளை தீவில் நின்று செல்பேசியில் முகத்தைக் காட்ட வேண்டும். அன்றுமுதல் தீவின் நிலை பற்றிச் சந்தேகமே எழவில்லை. சுடலைமாடனின் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும் வரை, தீவும் தண்ணீருக்கு மேலே இருந்தது.

இடைப்பட்ட நேரத்தில் அவரைக் காப்பாற்றியது படகுக்காரர் கிருபை. தருவைகுளத்துக்காரர். பக்கத்தில் வலை போட்டிருப்பார். முகம் பதிவானதும் படகை ஒட்டிக் கொண்டுவருவார்.

“ஏலே மாடா, ஏறுலே. ஒன் தீவு எங்கயும் ஓடிறாது.”

“ஓடிட்டுல்லா அண்ணாச்சி இருக்கு!”

விதிப்படி இது குற்றம். நான் டைப் செய்யவில்லை.

பத்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் சுடலைமாடன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். ஏசி அறையில் ஈர வேட்டியோடு நின்று நடுங்கினார்.

“சார், தண்ணி நெஞ்சு வரைக்கும் வருது.”

“எந்த நேரத்துல?”

“ஒம்பது, ஒம்பதரைக்கு.”

“ஆபீஸ் நேரம் பத்து மணிக்குத்தானே ஆரம்பிக்குது?”

“பத்து மணிக்கும் அங்கனதான் சார் நிக்கு.”

“அது நேரம் தவறுன தண்ணி. நமக்குப் பொறுப்பு கிடையாது. வேற?”

“படகுல மாட்டுவாவள்லா, ஆரஞ்சுக் கலர் சட்டை, அது ஒண்ணு குடுத்தா நல்லது சார்.”

சார் பேனாவை மூடி வைத்தார். நல்ல ஆசிரியர் பரம்பரை, பொறுமையாக விளக்கினார்.

“அதைப் போட்டா என்ன ஆவும், சுடலை?”

“மிதப்பேன் சார்.”

“மிதந்தா?”

“சாவ மாட்டேன் சார்.”

“அதை விடு. கால் என்ன ஆவும்? தரையில படாது. கால் படலைன்னா அங்க தரை இல்ல. தரை இல்லைன்னா தீவு இல்ல. தீவு இல்லைன்னா காவலுக்கு ஆள் எதுக்கு? ஒன் வேலையை என் கையாலயே பறிக்கச் சொல்லுதியா?”

சுடலைமாடன் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கருணை என்பது எப்படி இயங்குகிறது என்று நான் அன்று நேரில் பார்த்தேன்.

அதே வாரம் தலைமை அலுவலகம், கடல் ஏற்றத்தின் காரணங்களைக் கண்டறியக் குழு அமைக்கச் சொன்னது. தலைவர் ஏசுவடியான் சார். உறுப்பினர் ஏசுவடியான் சார். செயலாளர் நான். மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் அரைக் கிலோ முந்திரி மக்ரூன்.

“கரி எரிக்கிறதுன்னு எழுதலாமா சார்?” என்றேன். கரி எனக்குத் தெரிந்த பொருள்.

“அது வேற துறை.”

“கப்பல், லாரி?”

“வேற துறை தம்பி.”

“ஏசி, ஜெனரேட்டர்?”

“அது அத்தியாவசியம். நம்ம அதிகார எல்லை எது? தீவு. தீவுக்குள்ள புகை விடுறது எதுன்னு பாரு.”

பார்த்தோம். காவலர் குடிசையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. சுடலைமாடன் அதில்தான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்திருக்கிறார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுப்பை ஒப்படைக்கும்படி தொலைபேசியில் ஆணை போனது.

“குடிசையே அஞ்சு மாசமா தண்ணிக்குள்ளல்லா சார் கெடக்கு. அடுப்பை எங்கன போய்த் தேடுவேன்?”

“அப்போ அஞ்சு மாசமா எரியலையா?”

“எப்படி சார் எரியும்?”

சாரின் முகம் மலர்ந்தது. “டைப் பண்ணு தம்பி: தீவின் புகை வெளியேற்றம் நூறு சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது.”

இந்த அறிக்கைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதோடு சோதனையும் வந்தது. யாரோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில் நீலமாகத் தெரிவதாகச் சென்னைக்கு எழுதிவிட்டார்கள். “மேல இருந்து பாத்தா எல்லாமே சின்னதாத்தான் தெரியும்” என்று சார் பதில் அனுப்பினார். அவர்கள் திருப்தி அடையவில்லை. ஆய்வு அலுவலர் சிவப்பிரகாஷ் ஒரு புதன்கிழமை வந்து இறங்கினார். சுடலைமாடனுக்கு வெள்ளிக்கிழமையோடு பத்து ஆண்டு முடிகிறது.

பவுர்ணமியன்று தண்ணீர் மிகவும் வற்றும் என்று பார்த்துத்தான் ஆய்வை வைத்திருந்தோம். பதினொரு மணிக்குப் படகு ஏறியபோது கிருபை தலையை ஆட்டினார்.

“இன்னைக்குத் தண்ணி வத்தாது சார். கொண்டல் காத்து கரையைப் பாத்துத் தள்ளுது.”

“காலண்டர்ல பவுர்ணமின்னு போட்டிருக்கே?” என்றார் சார்.

“காலண்டர் கரையிலல்லா சார் தொங்குது.”

அரைமணி நேரத்தில் தீவை அடைந்தோம். சாய்ந்திருந்த பெயர்ப்பலகையின் வலதுபாதி மட்டும் தெரிந்தது: ‘உங்களை அன்புடன் வரவேற்கிறது.’ வரவேற்பது எது என்பது இடதுபாதியோடு தண்ணீருக்குள் போயிருந்தது. பக்கத்தில், ஆய்வுக்காகக் காலையிலிருந்தே நின்ற சுடலைமாடனின் தலையும், பிளாஸ்டிக் உறையில் செல்பேசியைத் தூக்கிப் பிடித்த ஒரு கையும் தெரிந்தன. மீதி பணியில் இருந்தது.

சிவப்பிரகாஷ் கையிலிருந்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “தீவு எங்க சார்?”

“அவர் நிக்கிறார் பாருங்க, அதுதான்.”

“அவர் முழுகிட்டு இருக்கார்.”

“நிக்கிறார் சார். முழுகுறதுக்கும் நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. கால் எட்டுது. சுற்றறிக்கை காட்டட்டுமா?”

சிவப்பிரகாஷ் சுற்றறிக்கையை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். அதில் குறை காண அவரால் முடியவில்லை. படகின் விளிம்பில் குனிந்து கேட்டார். “ஐயா, நீங்களே சொல்லுங்க. கால் எட்டுதா?”

இல்லை என்றால் தீவு இல்லை. பத்து ஆண்டும் இல்லை. ஆமாம் என்றால் இன்னும் இரண்டு நாள் அங்கே நிற்க வேண்டும். சுடலைமாடன் கிருபையைப் பார்த்தார். கிருபை ‘வேண்டாம்லே’ என்பதுபோல் கையை அசைத்தார். ஓர் அலை வாயை மூடிவிட்டுப் போனது. அடுத்த அலை வருவதற்குள் பதில் வந்தது.

“எட்டுது சார். பெருவிரல் எட்டுது.”

அந்த அலை கொஞ்சம் பெரியது. தலை போய்விட்டது. கை மட்டும் நின்றது. பன்னிரண்டு மணிப் பதிவுக்காக அதில் திறந்து வைத்திருந்த செல்பேசி, இனிமையான பெண் குரலில், “முகம் தெரியவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்” என்றது. பிறகு கையும் போய்விட்டது.

“ஏலே மாடா!” கிருபை குதித்தார். இரண்டு முறை வெறுங்கையோடு மேலே வந்தார். மூன்றாவது முறை தலைமயிரைப் பிடித்துக் கொண்டுவந்தார். படகுக்குள் போட்டு முதுகில் குத்தினோம். தண்ணீர் வந்தது, பிறகு பேச்சு வந்தது.

“அண்ணாச்சி, என்னைத் திரும்ப அங்கன விட்டிருங்க. ரெண்டு நாளுதான் கெடக்கு.”

“வேலைக்கு ஆளுதாம்லே கேக்கான், பொணம் கேக்கல. கம்முன்னு கெட.”

சிவப்பிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். பதினொன்று நாற்பத்திரண்டு.

பத்து நாளில் தலைமை அலுவலகத்தின் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டுக் கோப்பில் ஒரு குறையும் இல்லை. நண்டுசல்லித் தீவு புதன்கிழமை 11.42 வரை முழு அளவில் இருந்திருக்கிறது. 11.42-க்குக் காவலர் காலை எடுத்திருக்கிறார். அதன்பின் தீவைக் காணவில்லை. எனவே அதுவரை தீவைக் கட்டிக் காத்த ஏசுவடியான் சாருக்குப் பாராட்டுச் சான்றிதழ். இனி தீவு இல்லாததால், ஊரின் கடற்கரை முழுவதும் அவர் பொறுப்பில். பொறுப்பில் ஒப்படைத்த அரசுத் தீவைக் கவனக்குறைவால் இழந்த தற்காலிகக் காவலர் சுடலைமாடனுக்கு வேலைநீக்கம். ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். குற்றச்சாட்டை நான்தான் டைப் செய்தேன். எழுத்துப்பிழை இல்லை.

சுடலைமாடன் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். இருமல் இன்னும் நிற்கவில்லை.

“இதுல என்ன தம்பி போட்டிருக்கு?”

வாசித்துக் காட்டினேன்.

“தீவை நாந்தான் தொலைச்சேன்னா போட்டிருக்கு?”

“ஆமா.”

“கடலு ஏறினதுக்கும் நாந்தான் காரணமா?”

“அது போன அறிக்கையில அண்ணாச்சி. அடுப்பு.”

தரையைப் பார்த்தார். காய்ந்த தரை. இரண்டு காலும் நன்றாக எட்டின.

“சரி, நான் சொல்லுதேன். அடி.”

அவர் சொன்னபடியே அடித்தேன்:

‘ஐயா, நான் காலை எடுத்ததாலதான் தீவு முங்கிப்போச்சுன்னு எழுதியிருக்கிய. ஒத்துக்கிடுதேன். அதுக்கு முன்னால ஆத்தூர்ல எங்க வெத்திலைத் தோட்டத்துல உப்புத்தண்ணி ஏறுச்சு. அங்கன நான் ரெண்டு காலையும் ஊனித்தான் நின்னேன், ஒரு நாளும் எடுக்கல. அதனால அங்கன காலை எடுத்தது யாருன்னு விசாரிச்சு, அவுகளுக்கும் இதே மாதிரி ஒரு தாள் அனுப்பணும்.’

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏசுவடியான் சார் அதை இரண்டு முறை படித்தார். அவர் எந்தக் கடிதத்தையும் இரண்டு முறை படித்து நான் பார்த்ததில்லை.

“இது நம்ம ஆபீசுக்கு வராது. சம்பந்தப்பட்டவங்களுக்கு அனுப்பு.”

“சம்பந்தப்பட்டவங்க யாரு சார்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அன்று துடைக்கிற ஆள் வரவில்லை. கண்ணாடி முழுக்கக் கரி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் கொஞ்சம் மங்கலாக என் முகம்.

கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“வேர்க்குது தம்பி. ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டு.”

கூட்டினேன்.