காட்டேரியின் கத்தி

எழுபத்திரண்டாம் வருஷம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பேரே மாறிப்போயிற்று. தாம்பரத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டர்கள் "காட்டேரி ஸ்டாப்பு, எறங்கு எறங்கு!" என்று கூவுவார்கள். பாதி பஸ் காலியாகும். மீதிப் பாதி, ஊரே இறங்குகிறதே, நாம் மட்டும் உட்கார்ந்திருப்பதா என்று யோசித்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கும்.

அங்கே ஓலைக்கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தவர் குருதிச் சித்தர். முந்தின வருஷம் வரை பல்லாவரம் சந்தையில் மூட்டைப்பூச்சி மருந்து விற்றவர். மூட்டைப்பூச்சிகள் அந்த மருந்தை நம்பவில்லை. நம்பக்கூடிய பிராணியைத் தேடி மனிதர்களிடம் வந்துவிட்டார்.

பிள்ளை தக்காத பெண்கள்தான் அவருக்கு வாடிக்கை. வயிற்றின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து எடுத்து, கத்தியால் ஒரு வெட்டு. பழத்திலிருந்து சிவப்பாகச் சொட்டும். "பாரு, காட்டேரி! கருவுல பூந்து ரத்தம் குடிக்குது!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு கயிறு, தாயத்து, கறுப்புச் சேவல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை: ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவே கூடாது. அந்த வாடைக்குக் காட்டேரி திரும்பி வந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை மட்டும் கொட்டகை கிடையாது. சனமெல்லாம் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவதால் அன்றைக்குக் காட்டேரிக்கும் லீவு.

தையல்நாயகிக்கு இது ஐந்தாம் மாதம். முதல் பெண் குழந்தை கல்லுக்குண்டு மாதிரி ஓடியாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பையன் பிறந்த சூட்டிலேயே மஞ்சளாய் மாறி, கண் திறக்காமலே போய்விட்டான். அந்த முகம் அவளுக்கு மறக்கவே இல்லை. இந்தப் பிள்ளையையும் அப்படிக் கொடுக்க அவள் தயாரில்லை.

தாம்பரத்தில் டாக்டர் பியூலா அவளுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"ரத்தத்துல ஆர்எச்னு ஒரு சங்கதி இருக்கும்மா. முக்காவாசிப் பேருக்கு மேல உண்டு, உனக்கு இல்ல. அது நோய் கிடையாது, உன் தப்பும் கிடையாது. உன் வீட்டுக்காரருக்கு உண்டு, குழந்தைக்கு அவர்கிட்டேர்ந்து வந்திருக்கு. முதல் பிரசவத்துல குழந்தையோட ரத்தம் துளி உன் உடம்புல கலந்திருக்கு. உன் உடம்பு அதை அந்நியம்னு நினைச்சு எதிர்க்கக் கத்துக்கிச்சு. அதுக்குள்ள மூத்தவ வெளிய வந்துட்டா. ரெண்டாவது மாட்டிக்கிச்சு."

"இப்ப இதுக்கு இன்னா பண்றது டாக்டரம்மா?"

"மாசாமாசம் உன் ரத்தத்தை டெஸ்ட் பண்ணணும். வேணும்னா கொஞ்சம் முன்னாடியே பிரசவம் பார்த்து, குழந்தைக்கு ஆர்எச் இல்லாத ரத்தமா மாத்திடலாம், உன் உடம்போட எதிர்ப்பு அதைத் தொடாது. முதல் பிரசவம் முடிஞ்ச கையோட போட்டுக்க இப்ப ஒரு ஊசி வந்திருக்கு, போட்டா இந்த வம்பே வராது. உனக்கு அந்தக் காலம் தாண்டிடுச்சு. மத்தவங்களுக்காவது சொல்லு."

வீட்டில் சொன்னாள். மாமியார் கங்கையம்மாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "ரத்தம் எடுக்கறதா? சித்தர் பாத்துச் சொல்லட்டும். அப்பால யோசிக்கலாம்." புருஷன் ஏகநாதன் அம்மா சொன்னதற்கும் தலையாட்டினான், பெண்டாட்டி சொன்னதற்கும் தலையாட்டினான். கழுத்து நல்ல கழுத்து.

மறுநாள் மூவரும் கொட்டகையில் காத்திருந்தார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே பாயில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் இந்த ஊரில் எப்போதும் ஒற்றுமைதான். மூலையில் ஒருவர் வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். குடை கொஞ்சம் சரிந்தபோது தையல்நாயகி பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த ஞானசௌந்தரி டீச்சர்! பாவம், மகளுக்கு இரண்டு தரம் தக்கவில்லை.

டீச்சரைப் பார்த்ததும் பழைய பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. அவள் கண் கொட்டகைக்குப் பின்னால் போயிற்று. அங்கே பெரிய செம்பருத்திச் செடி, ஒரு பூ இல்லாமல் மொட்டையாக நின்றது. சாமி படத்தில் ஒரு பூ இல்லை. சித்தர் தலையிலும் இல்லை. கத்தியில் மட்டும் ஊதா நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நேருக்கு நேர் சொன்னால் யார் கேட்பார்கள்? மாமியாரைத்தான் நம்பினாள். கங்கையம்மாள் தீட்டு விஷயத்தில் புலி. உப்பைக்கூடக் கழுவிப் போட முடியுமா என்று பார்ப்பவள்.

"அத்தை," என்று காதைக் கடித்தாள். "நமக்கு மின்னாடி வந்த பொம்பளைக்கு வெட்டின அதே கத்தி. அவ காட்டேரி ரத்தம் அதுலயே கீது. நம்ப பழத்துல வெச்சா நமக்கு ஒட்டிக்காதா?"

கங்கையம்மாள் விருட்டென்று எழுந்தாள். "சாமி! கத்தியக் கழுவு!"

சித்தர் முகம் வெளுத்தது. "மந்திரம் ஏத்தின கத்திம்மா. தண்ணி படக் கூடாது."

"இன்னாது? ஊரான் வூட்டுத் தீட்டை என் மருமக வயித்துல தடவுவியா?"

"அதானே!" என்றது கூட்டம். தங்களுக்கு முன்னால் யார் யார் தீட்டு ஒட்டியதோ என்று ஒவ்வொருத்தியும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கங்கையம்மாள் காத்திருக்கவில்லை. கத்தியைப் பிடுங்கினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். தன் கையாலேயே பழத்தை வெட்டினாள்.

வெள்ளை வெளேரென்று சாறு வந்தது.

"காட்டேரி ஓடிப்போச்சு!" என்று சித்தர் சமாளித்தார்.

"கொஞ்சம் இருங்க சாமி." தையல்நாயகி அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் கையை விட்டு, அங்கே எட்டிப் பார்த்த ஒரு கொத்துச் செம்பருத்தியை எடுத்தாள். கத்தியில் அழுத்தித் தேய்த்தாள். புது எலுமிச்சம்பழத்தை ஏகநாதன் தொப்பையில் வைத்து எடுத்து வெட்டினாள். சிவப்பாகச் சொட்டியது.

"அத்தை, உங்க புள்ளைக்கு எத்தினாவது மாசம்?"

கொட்டகையே சிரிப்பில் ஆடிற்று. ஏகநாதன் பழக்க தோஷத்தில் அதற்கும் தலையாட்டினான். குடை மெதுவாக மடங்கியது.

"செம்பருத்தியில புளிப்பு பட்டா சிவக்கும்னு நீங்கதானே டீச்சர் பாடம் நடத்தினீங்க?"

"பரீட்சைக்காகத்தாம்மா நடத்தினேன்," என்றார் டீச்சர். "எனக்கும் சேத்துன்னு தோணலையே." மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

அமளியில் சித்தர் ஓடப் பார்த்தார். கங்கையம்மாள் தாடியைப் பிடித்தாள். அது கையோடு வந்துவிட்டது. "எத்தினி பேர் ரத்தத்தை உறிஞ்சின! உன் ரத்தத்துல இன்னா கீதுன்னு பாக்கலாம் வா!" என்று கூட்டமே அவரைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று. போலீஸா, ஊசியா என்று கேட்டபோது ஊசியே மேல் என்றார். போன கூட்டமும் சும்மா நிற்காமல் கையை நீட்டிச் சோதித்துக்கொண்டது. ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பதைப் பார்த்த கங்கையம்மாள் அசந்துபோனாள். "சுத்தம்னா இதான்யா சுத்தம்!" அன்றிலிருந்து மருமகளை மாசாமாசம் அவளே கூட்டி வந்தாள்.

தையல்நாயகியின் ரத்தம் எதிர்க்கக் கற்றது, பிள்ளைக்கு உதவாது; மற்ற அத்தனை பேரில் ஆர்எச் இல்லாத ரத்தம், எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக்கூடிய ரத்தம், ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. சித்தருக்கு!

பிரசவ நாள் வந்தது. பையன் பிறந்தான், மஞ்சள் ஏறியது, ரத்தம் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர் பியூலா. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கங்கையம்மாள் நேரே பல்லாவரம் சந்தைக்குப் போய், மறுபடி மூட்டைப்பூச்சி மருந்து விற்றுக்கொண்டிருந்தவரைக் கையோடு இழுத்து வந்தாள். காட்டேரியை நடுங்கவைத்த மகான், "வலிக்குமாம்மா?" என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பையன் பிழைத்தான். அழுதான், பால் குடித்தான், ஊரைக் கூட்டினான். தையல்நாயகி சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த மனிதர் ஆயுளில் எத்தனையோ சரக்கு விற்றிருக்கிறார். அவர் கையிலிருந்து வந்ததில் கலப்படமில்லாதது அந்த ஒரு பாட்டில்தான்.

இப்போதும் எங்கேயாவது எலுமிச்சம்பழம் ரத்தம் சொட்டுகிறது என்பார்கள். போங்கள், விழுந்து கும்பிடுங்கள், யார் வேண்டாமென்றது? கும்பிடுவதற்கு முன்னால் கத்தியை மட்டும் ஒரு தரம் கழுவச் சொல்லுங்கள்.