தார்மோவின் நான்காம் பக்கம்

குதிகால் பின்னிக்கொண்டிருக்கிறேன். கம்பளிக் காலுறையில் கஷ்டமான இடம் அதுதான். ஊசிகளை மடியில் வைத்துவிட்டு ரெண்டு வரி எழுதுவேன், மறுபடி ஊசியை எடுப்பேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

என் புருஷன் தார்மோ, எங்கள் ஊரான யோயென்சுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மர வேலை சொல்லிக்கொடுக்கிறான். நல்லவன். போன வருஷம் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் வழியாக எப்படிப் பாடம் நடத்துவது என்பதற்கே ஒரு மேல்படிப்பு இருக்கிறதாம். அதை முடித்தால் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கும் அவன்தான் ஆலோசகர். அன்றிலிருந்து வீட்டில் அவன் காதில் ஹெட்போன்தான். எங்கள் எட்டு மாதக் குழந்தை வெர்னா கூரை பறக்க அழுதாலும் அவனுக்குக் கேட்காது.

எனக்கும் ஓர் ஆசை உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பேக்கரிக்கு வேலைக்குப் போனவள் நான். பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் சேர வேண்டும். செவ்வாயும் வியாழனும், ஐந்திலிருந்து எட்டு வரை. விண்ணப்பம் துடைக்கிற துணிகளுக்கு அடியில் டிராயரில் கிடந்தது. அதைக் கொடுக்க ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அந்த நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வாயா என்று தார்மோவை மூன்று தடவை கேட்டேன்.

"என் படிப்பு முடியட்டுமே, ஹில்யா."

"எப்போ முடியும்?"

"ரெண்டே வருஷம்."

"அதுக்குள்ள வெர்னா எனக்குப் பாடம் சொல்லித் தருவா."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அந்த வாரமே தன் படிப்புக்கான ஓர் ஆராய்ச்சித் திட்டத்தோடு வந்தான்.

"வீட்டு வேலையையே பாடமாக்கப் போறேன். பன்னிரண்டு வேலை, பன்னிரண்டு வீடியோ. ஒண்ணொண்ணா முடிச்சா திரையில பதக்கம் வரும். வாத்தியாரே வேண்டாம்!"

"யாரு படிக்கப் போறது?"

"நீதான்."

"எனக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

"இன்னும் நல்லாத் தெரிஞ்சுக்கலாம்ல?"

வீடியோவில் வேலை செய்து காட்ட ஒரு கை வேண்டுமே. அவன் கைக்கு ரம்பம் வரும், பாத்திரம் வராது. அதனால் என் கையையே படம் பிடித்தான். பாத்திரம் கழுவும் என் கை, டயப்பர் மாற்றும் என் கை, எங்கள் ஊர் வழக்கப்படி வெளியே பனியில் தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைக்கும் என் கை. அந்தக் கையைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"சந்தேகம் வந்தா உன்னைக் கேக்கலாமா?"

"கேக்கக் கூடாது. வீடியோவைப் பார்த்துக்கோ."

இதையே திட்டத்தின் நான்காம் பக்கத்தில் விதியாக எழுதினான். பயிற்சி நேரத்தில் விஷயம் தெரிந்தவர் வீட்டில் இருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தவர் என்று அவன் நினைத்தது தன்னைத்தான். பயிற்சி நேரம், செவ்வாயும் வியாழனும் ஐந்திலிருந்து எட்டு. அவன் சிநேகிதர்கள் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், கூடும் நேரம் அது. அவன் மேல்படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை மார்கெட்டா கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் கையெழுத்தான தாளில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்ற மாட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவன் சவுனாவுக்குப் போனான். திரும்பி வருவதற்குள் நான் பன்னிரண்டு பதக்கமும் வாங்கிவிட்டேன். திரையில் வண்ணக் காகிதமாகக் கொட்டியது. வெர்னா கை தட்டினாள். தார்மோவின் முகம்தான் தொங்கிப்போனது.

"ஹில்யா, கொஞ்சம் தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா பண்ணியிருப்பேனே."

"சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும்!"

மறுநாள் திரையில் மார்கெட்டா. நான் துவைத்த துணியோடு கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரமாக நின்றேன்.

"தார்மோ, முதல் நாளே நூத்துக்கு நூறு. இதுல கத்துக்கிட்டது எங்கே? ஒண்ணுமே தெரியாத ஆள் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா உங்களுக்கு இந்த வருஷம் போச்சு."

"எங்கே போய்த் தேடுவேன்? பாத்திரம் கழுவத் தெரியாத வளர்ந்த மனுஷன் இந்த நாட்டுலயே கிடைக்க மாட்டானே!"

"ஒருத்தர் இருக்காரு." என் குரல்தான். எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

"யாரு பேசுறது?"

"நான்... வீடியோவுல வர்ற கை."

"ஓ! யாரும்மா அந்த ஆளு?"

கையிலிருந்த ஈரச் சட்டையைக் கேமராவில் தெரிகிற மாதிரி தார்மோ பக்கம் நீட்டினேன். மார்கெட்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தார்மோ, டயப்பர் மாத்தத் தெரியுமா?"

அவனுக்குப் பொய் வராது. "பாதி தெரியும்."

"பிரமாதம்! ஆராய்ச்சி பண்றவரு தன்னையே மாணவரா வச்சுக்கலாம், அனுமதி உண்டு. ஆனா உங்க நாலாம் பக்கம் ஞாபகம் இருக்கட்டும். விஷயம் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்கக் கூடாது."

திரை அணைந்தது. தார்மோ என்னைப் பார்த்தான்.

"வெளியே மைனஸ் பதினெட்டு. மூணு மணி நேரம் நீ எங்கே போவே?"

டிராயரைத் திறந்து விண்ணப்பத்தை அவன் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தான்.

"செவ்வாய், வியாழன்... ஐந்திலிருந்து எட்டு... இது என் சவுனா நேரம்ல?"

"உன் நாலாம் பக்கத்து நேரம், வாத்தியாரே."

அவன் காது சிவந்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே உட்கார்ந்து எனக்கு ஆறு பென்சில் சீவி வைத்தான். அதற்கு மட்டும் அவனுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் மாலைப் பள்ளியின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பாடம் கணக்கு. கணக்கென்றால் எனக்குப் பயம், அதனால்தான் இந்தக் காலுறை.

போன் துடிக்கிறது. தார்மோதான். "டயப்பர், நாலாவது படி. ரெண்டு காலும் ஒரே ஓட்டையில போயிடுச்சு. என்ன பண்ண?"

ரொம்ப யோசித்து அனுப்பினேன். "வீடியோவைப் பார்த்துக்கோ."

உடனே பதில் வந்தது. "பார்த்துட்டேன். உன் கை ரொம்ப வேகம்!"

பாவம், மனசு இளகிவிட்டது. விதியாவது ஒன்றாவது, ஒரே ஒரு குறிப்பு எழுதிவிடலாம். முதலில் இடது காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக...

"ஹில்யா! ஹில்யா யாரு? உள்ளே வாங்க, பாடம் ஆரம்பிக்குது."

நான்தான், இதோ வந்துட்டேன், இந்த ஊசியை மட்டும்...