எதிர்ச் சுவர் தெரிய வேண்டும்

கதவு பாதிதான் திறந்தது. மீதிப் பாதிக்கு முட்டுக் கொடுத்தபடி உள்ளே ஒரு மெத்தை நின்றுகொண்டிருந்தது. நேற்றுப் பூட்டும்போது அது ஒழுங்காகப் படுத்துத்தான் கிடந்தது.

செயலாளர் ஒருக்களித்துத் தோளை உள்ளே விட்டாள். தோள் போனது; புத்தகப் பை போகவில்லை. பையைக் கழற்றிக் கீழே வைக்கத் திரும்பினால், பின்னால் ஜெராக்ஸ் கடைக்காரர் அளவு நாடாவோடு நிற்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வந்து விடுவார். துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கதவு நிலையை அளப்பார்.

"கதவு மூணடிதானேம்மா?"

"மூணடிதாண்ணே. திறந்தா."

செயலாளர் என்பது அவள் பெயரல்ல. பெயரை எல்லோரும் மறந்து போனதால் ஒட்டிக்கொண்டது. முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு. மாணவர் மறுபயன்பாட்டு மையம் தொடங்கிய நாளில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் என்று ஐந்து பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஐந்து பேரும் இன்னமும் இருக்கிறார்கள். அறையில் இவள் ஒருத்திதான். தலைவருக்குப் படிக்க நிறைய இருந்ததாம். ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒருங்கிணைத்துக்கொண்டு கான்டீன் பக்கம் போய்விட்டார்கள்.

இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், அதற்கு ஒரு கதை உண்டு. முதலாண்டில் மேசை விளக்கு வாங்க வழியில்லாமல் விடுதிக் குளியலறை வாசலில் எரியும் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பருவம் முழுக்கப் படித்தவள். ஆண்டு முடிந்து எல்லோரும் அறையைக் காலி செய்துகொண்டு போன மறுநாள், விடுதிக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் பதினொரு மேசை விளக்குகளைப் பார்த்தாள். விடுவாளா? ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தாள். ஒன்பது எரிந்தன. அன்று பிடித்த கிறுக்கு.

நடையாய் நடந்து, நூலகப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையைக் கேட்டு வாங்கினாள். கட்டிட அதிகாரி சாவியைக் கொடுத்தபோதே கூடவே ஒரு நிபந்தனையையும் கொடுத்தார்.

"உள்ள வர்றதைப் பத்தி எனக்குக் கவலையில்ல. பழசு தானா வரும். பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். கதவைத் திறந்தா எதிர்ச் சுவர் தெரியணும். தெரியலையா, மறுநாளே ஜெராக்ஸ் மிஷின் வந்து உக்காந்துரும்."

எதிர்ச் சுவர் முதல் வாரத்திலேயே மறைந்துவிட்டது.

கொடுப்பதில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. கைப்பிடி இல்லாத வாளி, காது ஒன்று மட்டும் கேட்கும் ஹெட்போன், முதல் அத்தியாயத்தில் மட்டும் கோடு போட்ட பாடப் புத்தகங்கள், நான்காவது சக்கரம் எங்கேயோ போய்விட்ட நாற்காலி, ஒரு மூட்டை நிறையக் கீபோர்டு என்று கொண்டுவந்து வைத்துவிட்டு, பெரிய தர்மம் செய்த முகத்தோடு போனார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னால்தான் எல்லோருக்கும் கூச்சம் வந்துவிடும். நல்ல கெட்டில் ஒன்றைத் தூக்கிப் பார்த்த ஒரு பையனிடம், அவனோடு வந்தவன், "வீட்டுல காசு அனுப்பலையாடா?" என்று கேட்டான். அவன் கெட்டிலைச் சுட்டது போலக் கீழே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கெட்டிலை யாரும் தொடவில்லை.

சரி, இதற்கு ஒரு வழி செய்வோம் என்று செயலாளர் ஒரு பலகை எழுதி மாட்டினாள். ஒன்று கொடுப்பவர் ஒன்று எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

போனார்கள். நூலகத் திருப்பம் வரைக்கும் போய், மரத்தடியில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். மாலையில் வாட்ச்மேன் அத்தனையையும் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். யாரோ தவறவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சல்யூட்டும் வைத்தார். மனுஷருக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. அதன் பிறகு, வளாகத்தில் தனியாகக் கிடந்ததையெல்லாம் கொண்டுவர ஆரம்பித்தார். தோட்டக்காரர் பூவாளியைத் தேடி வந்து நிதானமாகத் திட்டிவிட்டுப் போனார். வராந்தாவில் காய வைத்திருந்த குடையைத் தேடி இயற்பியல் பேராசிரியர் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. மையம் ஆரம்பித்து மூன்று வாரத்தில் யாரோ ஆசையாக எடுத்துக்கொண்டு போன ஒரே பொருள் அந்தக் குடைதான்.

பலகையைக் கழற்றினாள். கழற்றிய பலகையை வைக்க இடமில்லை.

அடுத்து, கொஞ்சம் சாமானை விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அறைத் தோழி கட்டிலில் சாய்ந்தபடி, இவள் மூன்று நடை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நடையில்தான் வாயைத் திறந்தாள்.

"உன் கட்டிலுக்கு அடியில வையேன்டி."

"அது நிரம்பிடுச்சு."

"அப்ப என் கட்டில் மேலயே வச்சுடு. நான் அடியில படுத்துக்கறேன்."

சொன்ன விதத்தில் சிரிப்பில்லை. செயலாளர் நாலு நடையையும் திரும்ப இறக்கினாள்.

மாத முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காரில் அந்த வழியாக வந்தார். மூன்று பெட்டிகளை அவர் டிக்கியில் ஏற்றி, அம்மாவிடம் கொடுத்து அக்கம்பக்கத்தில் யாருக்காவது உபயோகப்படுமா பார்க்கச் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள் என்று கேள்வி.

அம்மா அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு. யூனிவர்சிட்டியில் பெண் பழைய சாமான்களை வைத்துத்தான் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள் என்று எதிர் வீட்டில் சொல்ல, எதிர் வீடு பக்கத்து வீட்டில் சொல்ல, நம் தெருப் பெண் படிப்புக்கு இதுகூடச் செய்யாமலா என்று தெருவே பரணை இறக்கிவிட்டது. அடுத்த ஞாயிறு சித்தப்பாவின் கார் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. கூடவே அம்மாவின் போனும் வந்தது.

"இதுக்குத்தான் படிக்கிறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அப்பாவோட பழைய டைப்ரைட்டரை எடைக்குப் போட்டிருக்க மாட்டேனேடி. அதுக்கு என்ன, மாமி வீட்ல ஒண்ணு இருக்காம். கேட்டு வச்சிருக்கேன்."

செயலாளர் சரிம்மா என்றாள். மறுத்துச் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை.

அந்த வாரமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். பூட்டப் போகும்போது முதலாண்டுப் பெண் ஒருத்தி வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே வந்தாள், சுற்றிப் பார்த்தாள், அலமாரி மூலையிலிருந்த மேசை விளக்கை எடுத்துச் சுவிட்சைத் தட்டினாள்.

"எழுதிக் குடுக்கணுமாக்கா?"

"ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுப் போ."

நன்றிகூடச் சொல்லவில்லை அந்தப் பெண். விளக்கைப் பைக்குள் திணித்து, வயரை உள்ளே தள்ளி, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடினாள். செயலாளர் சாவியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். எதிர்ச் சுவர் எப்படியாவது தெரிந்தாக வேண்டும் என்பது அன்றைக்கு முடிவானது.

வழியை வகுப்புத் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். வளாக வாசலிலிருந்து கிளம்பும் பஸ் போய் நிற்கிற கடைசி நிறுத்தத்தில் ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் மாணவர்கள் இதே மாதிரி ஓர் அறை நடத்துகிறார்களாம். அறைக்கு வெளியே ஒரு மேடை, கொடுப்பவர்கள் வைத்துவிட்டுப் போகலாம், கேள்வி கிடையாது.

செயலாளருக்கு வியாழக்கிழமை மதியம் வகுப்பில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மூட்டை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீபோர்டுகளைச் சாக்கில் கட்டினாள். பஸ்ஸில் அவளையும் மூட்டையையும் தவிர யாருமில்லை. கண்டக்டர் இறங்கி வந்து மூட்டைக்குக் கை கொடுத்தார், இவளுக்கு ஒரு டிக்கெட்டும் மூட்டைக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். கலைக் கல்லூரி அறை பூட்டியிருந்தது. மேடையில் மூட்டையை வைத்துவிட்டு, பின்னால் யாராவது கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி வேகமாக நடந்து, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பினாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டோமே என்று உறுத்தியது. உறுத்தலோடு பார்த்தாலும் அறையில் ஒரு சாண் சுவர் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஒரு சாணும் போயிற்று.

செவ்வாய் மதியம் முழுக்க அவளுக்கு ஆய்வகம். முடித்துவிட்டு மாலை வந்து பார்த்தால் கதவு வாசலில் இரண்டு மூட்டைகள். பிரித்தாள். ஒரு குதிரைத் தலை, அட்டையில் செய்தது. ஆறு மரக் கத்திகள். ஒரு பக்கம் நசுங்கிய கிரீடம். சுருட்டி வைத்த ஒரு திரைச்சீலை. விரித்தால் பெரிய காடு, நடுவில் நிலா.

விஞ்ஞானம் மட்டுமே சொல்லிக் கொடுக்கிற இந்த வளாகத்தில் கிரீடம் யாரிடம் இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவளுக்கு இயற்பியல் பேராசிரியர் மேல் சந்தேகம் விழுந்தது. குடை போன கோபத்தில் பழி வாங்குகிறாரோ, இல்லை மனுஷருக்கு வீட்டில் இப்படி ஒரு ரகசிய வாழ்க்கை இருக்கிறதோ. எதிரில் வரும்போதெல்லாம் அவரைக் கொஞ்சம் பரிவோடு பார்த்தாள். பாவம், அவர் சட்டைப் பித்தானைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

கத்தியும் கிரீடமும் நாடகம் படிக்கிறவர்களுக்குத்தான் உதவும், அதனால் இதைக் கலைக் கல்லூரிக்குக் கொண்டுபோவதில் தப்பே இல்லை என்று அந்த வியாழன் மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னாள். மூட்டை இரண்டாயிற்று. அடுத்த செவ்வாய் வாசலில் மூன்று இருந்தன, பெரும்பாலும் கீபோர்டு. உலகத்தில் இத்தனை கீபோர்டு இருந்தும் ஒருத்தருக்கும் தட்டச்சு வரவில்லையே என்று அலுத்துக்கொண்டு சாக்கைக் கட்டினாள்.

இப்படியே ஒன்பது வாரம். முதுகு பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் சாக்குக் கயிறு கோடு போட்டுவிட்டது. ஆய்வக ஏட்டில் இரண்டு சோதனை பாக்கி. அறைத் தோழி தைலத்தைத் தேய்த்துவிட்டபடி, பட்டம் வாங்குறியோ இல்லையோ, மூட்டை தூக்குற வேலை உனக்கு நிச்சயம் கிடைச்சுடும் என்றாள். செயலாளர் குப்புறக் கிடந்தவாறே தலையாட்டினாள். நடுவில் அறைக்கு எப்போதாவது யாராவது வந்து ஒரு விளக்கையோ வாளியையோ கமுக்கமாக எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்காகத்தான் இத்தனையும்.

கடைசி வியாழன் ஐந்து மூட்டையும் மெத்தையும். கண்டக்டர் முகம் சுளிக்கவில்லை. டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மெத்தையைப் பின் சீட்டில் தானே நீட்டிப் படுக்கப் போட்டார். கலைக் கல்லூரி வாசலில் நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுத்தார். உலகத்தில் நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை கட்டிட அதிகாரி வந்தார். கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே அலமாரியில் நாலு விளக்கு, இரண்டு வாளி, கொஞ்சம் புத்தகம். அதற்கப்பால் எதிர்ச் சுவர், காரை பெயர்ந்த கோலத்தில், பளிச்சென்று தெரிந்தது. அதிகாரி நேரே போய் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

இத்தனையும் எங்கே போயிற்று என்று கேட்டார். தேவைப்படுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அறை இனி மையத்துக்கே என்று அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்லா இரும்மா என்று மனசில்லாமல் வாழ்த்திவிட்டுப் போனார்.

செயலாளர் இரண்டு நாள் தூங்கினாள். செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பார்த்தால் வாசலில் ஆறு மூட்டைகள், மேலே ஒரு மெத்தை.

இனி முடியாது என்று தோன்றிவிட்டது. ஆனால் அறையை இழக்கவும் மனசில்லை. யார் என்றே தெரியாத ஒருவர் தலையில் வாராவாரம் கட்டிக்கொண்டிருக்கவும் மனசில்லை. வியாழக்கிழமை மூட்டைகளோடு பஸ் ஏறி, கண்டக்டர் அவளுக்கென்றே துடைத்து வைத்திருந்த முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் கடைசி ஸ்டாப்லயே இருந்துக்கறேண்ணே, இதே பஸ்ல திரும்ப வர மாட்டேன். அந்த ரூமை யாரு நடத்துறாங்களோ, அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருந்து, மன்னிப்புக் கேட்டுட்டு, ரெண்டு பேருமா ஒரு வழி பண்ணலாம்னு இருக்கேன்."

லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை அப்படியே நின்றது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அந்த வேலை மட்டும் வேண்டாம்மா," என்றார் கண்டக்டர் தாழ்ந்த குரலில், "அந்த ரூமை நடத்துற தம்பியும் செவ்வாய்க்கிழமை தவறாம இதே மூட்டைங்களைத் தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வச்சுட்டுத்தான் போறாரு, நீங்க ரெண்டு பேரும் நேர்ல பார்த்துப் பேசிட்டீங்கன்னா, லக்கேஜ் டிக்கெட்லயே ஓடிட்டிருக்கிற இந்த ரூட்டை மறுநாளே நிறுத்திடுவாங்க."