எழுபத்தெட்டு டிகிரி ரெண்டு நிமிஷம்

ஏசுவடியானுக்கு அசதி இல்லாத எலும்பு ஒன்றுகூட மிச்சமில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் வரைபடங்களை நகலெடுக்கிற வேலை. பகலெல்லாம் கோடு. வீட்டுக்கு வந்தால் மனைவி அற்புதமணி. எழுபத்துநாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற பொறுப்பை அவர் தலையில் கட்டியிருந்தாள். தொட்டியில் சுண்ணாம்பு நீறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே அவரும் நீறிப்போனார்.

ஆகவே பொய் சொன்னார். கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற பாரை அளக்க லாஞ்சில் போகிறார்களாம். மூன்று நாள் வேலையாம். லீவு போட்டுவிட்டு நேரே ஆத்தூர் பஸ்ஸில் ஏறினார். கூட்டாளி சொரிமுத்துவின் வெற்றிலைக் கொடிக்காலில் நிழல் பார்த்துப் படுத்தவர், சாப்பிட மட்டுமே எழுந்தார்.

திரும்பி வந்தபோது அற்புதமணி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பார் எங்கன இருக்கு?”

“கடல்லதான்.”

“கடல் பெரிசுல்லா. எங்கனன்னு சொல்லுங்க.”

ஆபீஸ் பாஷையில் நாலு எண்ணைப் போட்டால் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தார். “அட்சரேகை எட்டு டிகிரி நாப்பத்தோரு நிமிஷம். தீர்க்கரேகை எழுபத்தெட்டு டிகிரி ரெண்டு நிமிஷம்,” என்றார், கொட்டாவிக்கு நடுவே.

அவள் கையைக் கழுவிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து ஜில்லா மேப்பையும் அடிஸ்கேலையும் எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பூகோள டீச்சர். பதினொரு வருஷத்தில் அதை அவர் சுத்தமாக மறந்திருந்தார்.

குறுக்கே ஒரு கோடு, நெடுக்க ஒரு கோடு. இரண்டும் வெட்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன கடலைக் காணோமே. சாயர்புரம்லா இருக்கு. எங்கம்மா ஊரு.”

“இருபது நிமிஷம்னு சொல்ல வந்தேன்ளா. நாக்கு உளறிட்டு.”

“இருபதுன்னா கடலுதான். மூணு நாள் கடல்ல கெடந்த சட்டையில உப்பைக் காணோம். வெத்தலைக் கறைதான் இருக்கு.”

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிரத் தெம்பில்லை.

“தூக்கம் வந்தா சொல்லுததுக்கென்ன?” என்றாள், சத்தம் போடாமல். “பாயை விரிச்சுத் தந்திருப்பேன். பொய்யை விரிப்பானேன்?”

“தப்புதான். நாளைக்கே வெள்ளையடிச்சிருதேன்.”

“நம்ம வீடு சனிக்கிழமை. நாளைக்கு சாயர்புரம்.”

“அங்கன என்ன?”

“நீங்க சொன்ன எடத்துல மூணு நாள் வேலைன்னீயளே. இருக்கு. எங்கம்மா வீட்ல மூணு ரூம்பு.”

மறுநாள் ஏணியில் நின்ற மருமகனை மாமியார் கண்கலங்கப் பார்த்தாள். கேட்காமலே வந்து வேலை செய்கிற மருமகன் யாருக்கு வாய்ப்பான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“மருமவனே,” என்றாள் கீழே இருந்து. “பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளும் கேக்கா.”