ஐந்தாம் கோட்டுப் பெரும்போர்

வாழி, ஆறு கம்பிகளை அடக்கியாண்ட அண்ணல்! வாழி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் இருள் செறிந்த குழிகளுக்குள் கைவிளக்கொன்றே துணையாக இறங்கி, முரண்டு பிடிக்கும் இரும்பு வடங்களை அதட்டி நிறுத்தி, ஏறுவோரையும் இறங்குவோரையும் இடறாது காத்தருளும் லிஃப்ட் மெக்கானிக்! பகலில் கிரீசும் மாலையில் இசையும் படிந்த திருக்கரத்தோனே, உன் புகழ் பாடப் புகுந்த எமக்குக் குரல் கம்மாதிருக்கட்டும். வேண்டும்போது வராமலும் வேண்டாதபோது வந்தும் விளையாடும் சிக்னல் என்னும் தேவதை, இக்கதை முடியும் வரையாவது ஓரிடத்தில் நிற்கட்டும்.

காவியமென்றால் நாட்டு வளமும் நகர வளமும் முதலில் பாடவேண்டும். நம் நாயகனின் நாடு, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட மூன்றாம் மாடி வீடு. அந்நாட்டில் ஆறுகள் இரண்டு: ஒன்று குழாயில் வருவது, மற்றொன்று மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து சுவர்வழியே இறங்குவது. தலைநகரம் படுக்கையறை; அரியணை கை உடைந்த நாற்காலி. அவ்வரியணையில் வீற்றிருந்து, ஏனைய கிட்டார்க்காரர்கள் மார்போடு அணைத்துக்கொள்ளும் வாத்தியத்தைத் தான் மட்டும் மடியில் மல்லாத்திக் கிடத்தி, கம்பிகளை விரலால் அழுத்தாமல், இடக்கையில் ஏந்திய வழவழத்த எஃகு உருளையை அவற்றின்மேல் வழுக்கவிட்டு, கல்லையும் கரைக்கவல்ல நாதத்தை எழுப்புவான். அதுவே ஸ்டீல் கிட்டார். அந்த உருளையை வாசிப்பவர்கள் 'பார்' என்பார்கள். கம்பிகளுக்கு அரைவிரல் கீழே, பலகையில் குறுக்காக வரைந்திருக்கும் கோடுகள் வெறும் அடையாளம். பார் கோட்டுக்கு நேர் மேலே நின்றால் சுருதி நிற்கும். ஒரு மயிரிழை கீழே, அதாவது இடப்புறம் தள்ளி, நின்றால் சுருதி இறங்கும். ஒரு மயிரிழை மேலே, வலப்புறம் தாண்டி, போனால் கேட்பவர் எழுந்து போவார்.

நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது. இதுவே அவன் தொழில், இதுவே அவன் கலை. பதினெட்டு ஆண்டுகளில் தான் பழுது பார்த்த லிஃப்ட் தளத்துக்கு மேலோ கீழோ நின்று ஒருவர் கால்கூடத் தட்டியதில்லை என்பதை, தனக்குக் கல்யாணமான செய்தியைவிட அதிகம் பேரிடம் அவன் சொல்லியிருக்கிறான்.

அத்தகையோன், தான் கற்றதை உலகுக்கு வாரி வழங்கத் துணிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் சேனல் ஒன்றைத் தொடங்கினான். நாற்பத்துமூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் நாற்பத்திரண்டு பேர் ஏற்கெனவே ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள். பாடம் கேட்க வந்தவர்களல்ல, பாடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். மீதி ஒருத்தி. ஒரே ஒருத்தி. ரொட்டி சுடும் அடுப்பின் அனலில் நாளெல்லாம் வெந்து, கடை சாத்திய பிறகு மடியில் கிட்டாரை எடுத்துவைக்கும் பேக்கரிக்காரப் பெண். முதல் பாடத்தின் கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், இதைச் சொல்லிக்குடுக்க எனக்கு வேற ஆளே இல்ல. நீங்க சொல்றதை அப்படியே செய்றேன்." இவ்வரியை அவன் தன் மனைவிக்கு இருமுறை வாசித்துக் காட்டினான். மூன்றாம் முறைக்கு முன் அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுவோம்: அந்த ஒருத்திக்காகத்தான் அவன் பாடம் எடுத்தான். அவள் கற்றுக்கொண்டால் அவன் ஆசிரியன். அவள் விட்டுவிட்டாலோ, நாற்பத்திரண்டு நீதிபதிகளுக்கு முன்னால் மடியில் பலகையோடு உட்கார்ந்திருக்கும் ஆசாமி.

நான்காம் பாடத்து நாள் வந்தது. நாயகன் போர்க்கோலம் பூண்டான். வலக்கை விரல்களில் கம்பி மீட்டும் உலோக நகங்களை மாட்டினான். இஸ்திரி போட்ட சட்டையும், திரையில் தெரியாது என்ற துணிவில் பழைய கைலியும் தரித்தான். இடப்பக்கத்து அலமாரியில், பவுடர் டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தான். முந்தைய பாடத்தில் அவன் தலை நெற்றியோடு வெட்டுண்டு போய், "பாடம் எடுக்கறது தலையா முண்டமா" என்று ஒருவன் கேட்டுவிட்டிருந்தான்; ஆகவே இம்முறை திருமுகம் முழுதாகத் திரையில் விளங்குகிறதா என்று இடப்புறம் சாய்ந்து பார்த்தபடியே வாசித்தான். "இங்கேருந்து வழுக்கிட்டு வாங்க. அஞ்சாம் கோட்டுல நில்லுங்க. கோட்டுக்கு நேர் மேல. லிஃப்ட் மாதிரி," என்று அருளினான். பார் வழுக்கியது. நின்றது. அவன் தன்னைப் பார்த்துத் தானே புன்னகைத்தான். பாடம் உலகேகியது.

இரண்டு மணி நேரத்தில் முதல் அம்பு பாய்ந்தது.

எய்தவர், சேனலில் எஃகுக்காது என்னும் புனைபெயரில் உலவுபவர். வாத்தியக் கடையொன்றில் சுருதி சேர்ப்பவர்; அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை, தப்பைச் சொல்லாமல் அவர் யாரையும் விட்டதுமில்லை. வணக்கமில்லை, வாழ்த்தில்லை, ஒரு பூப்படம்கூட இல்லை. "அஞ்சாம் கோட்டுல சுருதி இறங்கி இருக்கு." அவ்வளவுதான்.

அந்தோ, அச்சொற்களை வாசித்த கணத்தில் நாயகன் கொண்ட சினத்தை என்னென்பேம்! கண்கள் சிவந்தன, மீசை துடித்தது, மடியிலிருந்த கிட்டார் தானே ஒருமுறை முனகியது. நகம் தவறென்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான். சட்டை சரியில்லை, குரல் சரியில்லை, முகமே சரியில்லை என்றாலும் பொறுத்திருப்பான். நின்ற இடம் தவறென்று, அதுவும் கீழே நின்றாய் என்று, ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்து ஒருவர் சொல்வதா? மறுநாள் ஒரு கட்டடத்தின் உச்சி இயந்திர அறையில், கீழே பதினோரு பேர் பொத்தானை அமுக்கி அமுக்கிக் காத்துநிற்க, அவன் கருவிப்பெட்டிமேல் அமர்ந்து பதில் எழுதினான்; அழித்தான்; எழுதினான். அதன்பின் எவரும் மறுக்கவொண்ணா அஸ்திரம் ஒன்று அவன் நினைவுக்கு வந்தது. பாடத்தை ஐந்தாம் கோட்டில் நிறுத்தி, அக்காட்சியைப் படமாக்கி, பாரைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, களத்தில் எறிந்து முழங்கினான்: "பதினெட்டு வருஷமா லிஃப்ட் நிறுத்தறவன் நான். படத்தைப் பாருங்க. பார் எங்க நிக்குது, கோடு எங்க இருக்கு. கண்ணு இருக்கறவங்க பாத்துச் சொல்லட்டும்."

பார்த்தார்கள். பார் கோட்டுக்கு நேர் மேலேதான் நின்றது. நூல் பிடித்தாற்போல் நின்றது.

உடனே சேனை இரண்டாகப் பிளந்தது. கண்ணே கண்கண்ட சாட்சி என்று ஒரு பாதி நாயகனின் கொடிக்கீழ் திரண்டது. காதை நம்பாதவன் கம்பியைத் தொடலாமா என்று மறுபாதி எதிரணியில் அணிவகுத்தது. திங்கள், செவ்வாய், புதன் என மூன்று பகல்கள், அலுவலகங்களிலும் பேருந்துகளிலும் மருத்துவமனை வரிசைகளிலும் இருந்தபடி நாற்பத்திரண்டு மாவீரர்கள் கட்டைவிரல்களால் பொருதனர். ஒருவன் படத்தின்மேல் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து அனுப்பினான். ஒருவன் தன் மாமனார் வாசித்த காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்றான். நகக்கவசம் என்று பேர்பெற்றவன், இரு கட்சியிலும் சேராமல், "நீங்க நகத்தையே தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்று தனிப்போர் நடத்தினான். எஃகுக்காது மட்டும் மூன்று நாளில் ஒரே ஒருமுறை வாய் திறந்தார்.

"நான் பாக்கல. கேட்டேன்."

நாயகன் சோற்றில் ஒரு கையும் திரையில் ஒரு கையுமாக உண்டான். உப்பில்லாததை அவன் கவனிக்கவில்லை. வெற்றி தன் பக்கமே என்று அவனுக்குத் தோன்றியது. தலை எண்ணினால் கண் கட்சிக்கு இருபத்தாறு, காது கட்சிக்குப் பதினைந்து. நகக்கவசம் கணக்கில் சேராது.

வியாழன் மாலை, வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையைத் திறந்தவனுக்கு, போர்க்களத்தின் நடுவே, ஆயுதம் ஏதுமின்றி ஒரு குரல் நிற்பது தெரிந்தது.

"சார், நாலு நாளா முயற்சி பண்றேன். கோட்டுக்கு நேர் மேல வைச்சா உங்க சத்தத்தோட சேர மாட்டேங்குது. கொஞ்சம் கீழ தள்ளி வைச்சாதான் சேருது. இப்ப அப்படித் தள்ளி வைச்சே பழகிட்டேன். ஆனா படத்துல உங்க பார் கோட்டு மேலேயே இருக்கு. நிறைய பேர் அதைத்தான் சரின்னு சொல்றாங்க. அப்ப எனக்குக் காது இல்லன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை கிட்டாரைத் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. தப்பு என் மேலதான்."

அவன் அதைச் சமையலறை வாசலில் நின்று மனைவிக்கு வாசித்தான். இம்முறை அவள் எங்கும் போகவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் கண்ணாடிக் குழாய்களில் அளவு பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்பவள்.

"போனை எங்க வைச்சிருந்தீங்க?"

"அலமாரியில. பவுடர் டப்பா மேல."

"வாசிக்கறப்ப எங்க பாத்தீங்க?"

நாயகனின் கழுத்து தானாக இடப்புறம் சாய்ந்தது.

"நான் குழாயைச் சாய்ஞ்சு பாத்து எழுதினேன்னா, நல்லா இருக்கறவனுக்கும் சீக்கு வந்துடும். கண்ணை நேரா வைச்சுப் பாக்கணுங்க. உங்க கம்பி பலகைக்கு மேல அரைவிரல் உயரத்துல ஓடுது. பக்கத்துலேருந்து பாத்தா பார் தள்ளி இருந்தாலும் கோட்டு மேல இருக்கற மாதிரிதான் தெரியும்."

"படத்துலயும் கோட்டு மேலதானடி இருக்கு?"

"போனும் அங்கேருந்துதான பாத்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் தணித்தாள்.

மூன்று நாள் போரும், இருபத்தாறு வீரரும், சிவப்பு வட்டமும் அவ்வொரு சொல்லில் பொடிப்பொடியாயின. நாயகன் அரியணைக்குச் சென்றான். கிட்டாரை மடியில் கிடத்தி, குனிந்து நேராகப் பார்த்து ஐந்தாம் கோட்டில் பாரை வைத்து மீட்டினான். பிறகு இடப்புறம் சாய்ந்து, அலமாரியைப் பார்த்தபடி வைத்து மீட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். இறங்கித்தான் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், மேல்வீட்டுத் தண்ணீரைப்போல் மெல்லக் கீழே இறங்கித்தான் இருந்தது.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. எஃகுக்காது சொன்னது சரியாகிப்போனதற்காக அல்ல; அதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம். எங்கோ ஓர் அடுப்படியில், மாவு காயாத கையால் ஒரு பெண் முதல் நாளே பாரைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறாள். அவனை நம்பி, சரியாக இருந்த கையைத் தள்ளித் தள்ளித் தப்பாக்கிக்கொண்டு, கடைசியில் தனக்குக் காதே இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள். ஒருவர் காலையும் தட்டவிடாத பதினெட்டு வருஷத்தில், இப்போதுதான் ஒருவரைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

கேளீர், மெய்யான போர் இனிமேல்தான் நிகழ்ந்தது. அது நிகழ்ந்த களம் அவன் நெஞ்சு. மானம் என்னும் மதயானை ஒருபுறமிருந்து பிளிறியது: பாடத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடு, மைக் சரியில்லை என்று சொல்லிவிடு, அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதிவிடு, நாற்பத்திரண்டு பேருக்குத் தெரியவேண்டியதில்லை. மறுபுறம் படையென்று எதுவுமில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுப் போகவிருக்கும் ஒரு கிட்டார் மட்டும்தான். தனியாக எழுதினால் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் அவள் நினைப்பாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லார் முன்னும் சரியென்றதை எல்லார் முன்னுமே தவறென்று சொல்லியாகவேண்டும். நகத்தை மாட்டினான். கழற்றினான். தண்ணீர் குடித்தான். செருப்போடே கைலிக்கு மாறினான். மறுபடி மாட்டினான். ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் மதயானை வேறு வழியின்றி அடங்கியது.

கைப்பேசியைத் தலைக்கு நேர் மேலே தூக்கிப் பிடிக்க மனைவி வேறொரு நாற்காலிமேல் ஏறினாள். திரையில் அவன் முகமே இல்லை. கொஞ்சம் வழுக்கையும், ஆறு கம்பியும், இரண்டு கையும், இம்முறை மறைக்க வழியில்லாத கைலியும்.

"நாலாம் பாடத்துல அஞ்சாம் கோட்டுல சுருதி இறங்கித்தான் இருந்துச்சு. எஃகுக்காது சார் சொன்னது சரி. நான் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வாசிச்சேன், அதனால பார் தள்ளி நின்னுடுச்சு. நான் போட்ட படமும் அதே கோணல்ல எடுத்ததுதான். பேக்கரிக்காரம்மா, நீங்க முதல் நாள் வைச்ச இடம்தான் சரி. என்னால நீங்க அதை மாத்திக்கிட்டீங்க, மன்னிச்சுக்குங்க. சத்தம் சேரலன்னு கண்டுபிடிச்சீங்களே, அதுக்குத்தான் காது வேணும். உங்க காது நல்ல காது. என் கழுத்துதான் கோணல். கிட்டாரை யாருக்கும் குடுத்துடாதீங்க." இவ்வாறு உரைத்து, நேர் மேலிருந்து பார்த்து, ஐந்தாம் கோட்டில் மும்முறை நின்று காட்டினான்.

பாடம் ஏறியது. கண் கட்சி கலைந்தோடியது. அதன் கடைசி வீரன் ஒருவன் மட்டும் "இல்ல சார், பழைய பாடம்தான் உருக்கமா இருக்கு" என்று தனியே நின்று மடிந்தான். நகக்கவசம், நகம் இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது என்றான். எஃகுக்காதிடமிருந்து "இப்ப சரி" என்று இரண்டு சொற்கள் வந்தன, அவற்றின் பின்னால், வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பூப்படமும் வந்தது. நாயகன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான். அவன் காத்திருந்தது வேறொன்றுக்கு. செருப்போடேயே உட்கார்ந்திருந்தான், மனைவி தட்டு வைத்தாள், ஆறியது, திரை அணைந்தது, தட்டி எழுப்பினான், அணைந்தது, தட்டி எழுப்பினான்.

ஓ சங்கங்களே, முழங்க அணியமாகுங்கள்! ஓ முரசங்களே, தோலை இறுக்கிக்கொள்ளுங்கள்! விண்ணோர் கைநிறையப் பூக்களோடு மேகத்தின் விளிம்பில் வந்து குனிந்து நிற்க, எட்டுத் திசையும் மூச்சடக்க, பன்னிரண்டு மாடிகளின் அத்தனை லிஃப்டுகளும் அந்தந்தத் தளத்தில் அசையாது நின்று செவிசாய்க்க, வெஞ்சினம் தணிந்து, வீறு அடங்கி, தன் தோல்வியைத் தன் கையாலேயே உலகறியப் பறைசாற்றிய அந்த மாவீரனின் உள்ளங்கையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

பேக்கரிக்காரப் பெண், "சரி சார், அடுப்புல பன் இருக்கு, எடுத்து வைச்சுட்டு வாசிச்சுப் பாக்கறேன்" என்று எழுதியிருந்தாள்.